ஏரிக்கரையில் கிடக்கும் தூண்டில் நரம்பு: நீர்ப்பறவைகளைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மாலை எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். மதகுக் கல்லைச் சுற்றி, கருவேலங்கிளையில், உபரி நீர் வழியும் கலங்கலுக்குக் கீழே இருக்கும் செடிகளில் மெல்லிய நைலான் நரம்பு சிக்கிக் கிடக்கும். ஊருக்கு ஊர் நரம்பு என்றும் தங்கூசி என்றும் சொல்வார்கள். சிக்கினால் அறுத்துவிட்டு வேறு நரம்பு கட்டிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. அறுத்துப் போட்ட இரண்டு முழ நரம்பு ஒரு நாரையின் காலை எடுத்துவிடும், சில சமயம் உயிரையே எடுத்துவிடும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு ஏரிகளை மனதில் வைத்து எழுதியது. தூண்டில் போடுகிறவர்கள், பறவை பார்க்கப் போகிறவர்கள், ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள் ஆகிய மூவருக்கும் இதில் வேலை இருக்கிறது. அடிபட்ட பறவையை மீட்பது கடைசியில் வருகிறது. மீட்பு முக்கியம்தான், ஆனால் பறவைகளில் பெரும்பாலானவை சாகாமல் இருக்கவேண்டுமானால் அந்த நரம்பு கரையில் தங்கக்கூடாது. அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

நரம்பு என்ன செய்கிறது?

நைலான் மக்காது. வெயிலில் கிடந்தால் வலு குறையும், அறுந்து துண்டாகும். ஆனால் தண்ணீருக்குள்ளும் புதர் நிழலிலும் கிடப்பது பல தலைமுறைக்கு இருக்கும். 600 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே செய்த நூல் அது. மீனுக்குத் தெரியாதது பறவைக்கும் தெரியாது.

நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீந்தும்போது காலில் சுற்றிக்கொள்ளும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் தண்ணீருக்கடியில் மீனைத் துரத்தும்போது அறுந்து கிடக்கும் நரம்புக்குள் போய்விடும். மடையானும் வக்காவும் கரையோரம் நடக்கிறபோதே மாட்டிக்கொள்ளும். கால் அசைய அசைய சுருக்கு இறுகும், இரத்த ஓட்டம் நிற்கும், விரலோ பாதமோ கருத்து உதிர்ந்துவிடும். ஒற்றைக் காலோடு நிற்கும் கொக்கைப் பார்த்தால் அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிடக் கொடுமையானது, காலில் நரம்பு தொங்கப் பறந்துபோய் மரத்தில் அடையும் பறவையின் நிலை. நரம்பின் மறுமுனை கிளையில் சுற்றிக்கொள்ளும். விடிந்ததும் பறக்க எழும்போது தலைகீழாகத் தொங்கிவிடும். கூடு கட்டும் காலத்தில் சுள்ளியோடு சேர்த்து நரம்பையும் எடுத்துப்போய்க் கூட்டில் வைத்துவிட்டால், குஞ்சுகள் வளரும்போதே அதில் மாட்டும்.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். சரணாலயத்துக்குள் யாரும் தூண்டில் போடுவதில்லை. ஆனால் அங்கே கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் இரை தேடுவது சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும்தான். ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயமாக 1998-இல் அறிவித்ததற்குப் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான். பக்கத்து ஏரியில் அறுத்துப் போட்ட நரம்பு, சரணாலய மரத்துக்குப் பறவையின் காலிலேயே வந்து சேரும்.

தூண்டில் போடுகிறவர்கள் செய்யவேண்டியவை

தூண்டில்காரர்களைக் குற்றவாளி மாதிரி பார்க்காதீர்கள். பல ஏரிகளில் எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நரம்பு வீணாவதில் அவர்களுக்கும் காசு நஷ்டம். சொல்கிற விதத்தில் சொன்னால் கேட்பார்கள்.

முதலில், போகும் முன் நரம்பைச் சோதியுங்கள். போன வருடம் ரீலில் சுற்றி வைத்த நரம்பு வெயில்பட்டு வெளுத்திருந்தால், விரலால் உரசும்போது சொரசொரப்பாக இருந்தால், மாற்றிவிடுங்கள். நரம்பு அறுவது பெரும்பாலும் முடிச்சிலோ இப்படி நைந்த இடத்திலோதான். முடிச்சைப் போடும்போது எச்சிலால் நனைத்து இறுக்கினால் சூடேறி வலு குறையாது.

அடுத்தது இடம். தலைக்கு மேல் கிளை இருக்கும் இடத்தில் வீசாதீர்கள். விராலுக்கு ரப்பர் தவளை போடுகிறவர்கள் தாமரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவில் வீசுவார்கள், விரால் அங்கேதான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மெல்லிய நரம்பைப் பயன்படுத்துவது அறுத்துவிட்டு வருவதற்குச் சமம். தடிமனானதைப் போடுங்கள். சிக்கினால் வெடுக்கென்று இழுக்காமல், நரம்பைத் தளர்த்தி, பக்கவாட்டில் நடந்துபோய் வேறு கோணத்தில் இழுத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி இப்படியே வந்துவிடும்.

நீர்க்காகக் கூட்டமோ கூழைக்கடாக்களோ மீனை வளைத்துக்கொண்டு உங்கள் பக்கம் வந்தால் தூண்டிலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அவை அதிக நேரம் ஒரே இடத்தில் நிற்காது. ஜிலேபி மீனுக்கு வைக்கும் மைதா உருண்டையையும் புழு மாட்டிய முள்ளையும் கரையில் போட்டுவைத்துவிட்டு டீ குடிக்கப் போகவே கூடாது. இரவில் தூண்டிலைக் கட்டிவிட்டுக் காலையில் வந்து பார்க்கும் வழக்கமும் அப்படித்தான். வக்கா இரவில்தான் மேயும்.

முள்ளைப் பற்றி ஒரு விஷயம். முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு சிறு கூர் இருக்கும். உள்ளே போனது வெளியே வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். மூக்குக்குறடால் அதை அழுத்தி மடக்கிவிட்டால் மீன் நழுவிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் பெரும்பாலும் வந்துவிடும். உங்கள் விரலில் குத்தினாலும் எளிதாகக் கழற்றலாம். பறவைக்குக் குத்தினால் அதன் உயிர் பிழைக்க இதுவே போதுமானதாக இருக்கலாம்.

நரம்பில் கனத்துக்குக் கட்டும் ஈயக்குண்டைக் கைவிடுங்கள். வாத்து வகைகள் இரையை அரைத்துக்கொள்ளச் சிறு கற்களை விழுங்கும். சேற்றில் கிடக்கும் சின்ன ஈயக்குண்டும் அவற்றுக்குக் கல்தான். வயிற்றில் அது அரைபட்டு விஷமாகும். இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் இப்படிச் செத்து விழுந்த பிறகுதான், 1987-இல் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. நம் ஊரில் பழைய நட்டும் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் கட்டி வீசுகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். இரும்பு நட்டு நல்ல மாற்று.

கிளம்பும்போது வெட்டிய நரம்பு எல்லாவற்றையும் ஒரு தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடி எடுத்துவாருங்கள். பாட்டிலுக்குள் போடும் முன் நாலு விரல் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். பாட்டில் எங்காவது உடைந்தாலும் அந்த நீளம் எதன் காலிலும் சுருக்காகாது. நறுக்குவதைப் பாட்டிலின் வாயருகே வைத்துச் செய்யுங்கள், துண்டு தண்ணீரில் விழக்கூடாது. எரிக்கவும் வேண்டாம், நைலான் புகை நச்சு. முள்ளை மட்டும் தனியாக ஒரு தகர டப்பாவில் போடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரல்களை நினைத்துச் சொல்கிறேன்.

கரையில் கிடப்பதை எடுப்பது

இதற்குக் காலம் பார்க்கவேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரிகள் நிறைந்து, பறவைகள் கூடு கட்டி, குஞ்சுகள் பறக்கும் வரை மரங்களின் பக்கம் போகவே கூடாது. நீங்கள் கீழே நின்றாலே தாய்ப்பறவை எழுந்துவிடும், முட்டை வெயிலில் வேகும், காகம் வந்துவிடும். கோடையில் தண்ணீர் வற்றி, கூடுகள் காலியானதை உறுதி செய்துகொண்டு இறங்குங்கள். போன மழைக்காலத்தில் அறுந்ததெல்லாம் அப்போது தரையிலேயே கிடக்கும்.

கையில் இருக்கவேண்டியவை: தடித்த தோல் கையுறை, நல்ல கத்தரி, மூடி போட்ட பாட்டில், முள்ளுக்கு டப்பா, அப்புறம் ஒரு தொரட்டி. முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டி இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும்.

நரம்பைத் தேடுவதற்கு ஏற்ற நேரம், வெயில் சாய்வாக விழும் காலையும் மாலையும்தான். சூரியன் இருக்கும் திசையைப் பார்த்து நின்றால் புதருக்குள் ஒரு மின்னல் கோடு தெரியும். உச்சிவெயிலில் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது. மதகு, கலங்கல், பாலத்தடி, கரை மேல் கார் நிறுத்த வசதியான இடம், ஒற்றை மர நிழல், இவற்றை முதலில் பாருங்கள். ஆள் உட்காரும் இடத்தில்தான் நரம்பும் இருக்கும்.

ஒரு முனை கிடைத்ததும் இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். மறுமுனையில் முள் இருக்கலாம், கிளையிலிருந்து விடுபட்டுச் சுண்டிக்கொண்டு முகத்துக்கே வரும். அதன் போக்கிலேயே நடந்துபோய், சிக்கிய இடங்களில் வெட்டி வெட்டி எடுங்கள். உயரத்தில் இருப்பதைத் தொரட்டியில் மெதுவாகச் சுற்றி, கத்தியால் அறுத்து இறக்குங்கள். எட்டாததற்காக மரம் ஏறவேண்டாம். சேற்றுக்குள்ளும் இறங்கவேண்டாம். மண் எடுத்த பள்ளங்கள் பல ஏரிகளில் ஆளை விழுங்கியிருக்கின்றன, மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

அறுந்த வலைத்துண்டு கிடைத்தால் அதையும் எடுங்கள். ஆனால் கட்டியிருக்கும் வலையைத் தொடாதீர்கள், அது ஒருவரின் பிழைப்பு.

போட ஒரு இடம் வைத்துக்கொடுப்பது

நரம்பைக் கரையில் போடுகிறவர்களில் பலர் போட வேறு இடம் இல்லாததால் போடுகிறார்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடா கடற்கரையெங்கும் பி.வி.சி. குழாயில் செய்த நரம்புத் தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். அதையே இங்கும் செய்யலாம், பிளம்பர் கடையில் கிடைக்கும் பொருள்கள் போதும்.

ஆறு அங்குலக் குழாய், இடுப்பளவு நீளம். மேலே ஒரு வளைவுக் குழாயை மாட்டி, வாய் பக்கவாட்டில் இருக்கும்படி செய்யுங்கள். மழை உள்ளே விழாது, மைனா கூடு கட்டவும் யோசிக்கும். கீழே திருகிக் கழற்றும் மூடி, அதில் தண்ணீர் வடிய ஓரிரு சின்னத் துளைகள், இல்லாவிட்டால் கொசு வளரும். ஒரு கம்பத்தில் இரும்புப் பட்டை போட்டுக் கட்டி, ‘நரம்பு மட்டும் போடவும். முள், குப்பை போட வேண்டாம்’ என்று பெரிதாக எழுதுங்கள். பக்கத்தில் கத்தரி ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டால் நல்லது.

அனுமதி இல்லாமல் வைத்தால் ஒரு வாரத்தில் காணாமல்போகும். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இவர்களைவிட முக்கியமானவர் ஒருவர் இருக்கிறார், மீன்பாசி குத்தகை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவர். பல ஏரிகளில் தூண்டில் போட வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு விடுவதே அவருடைய ஆள்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். மீன் தின்னும் பறவையைக் காப்பாற்றச் சொல்லி மீன் குத்தகைதாரரிடமே போவது விநோதமாகத் தோன்றலாம். அறுந்த நரம்பு அவருடைய வலையையும் சிக்கலாக்குகிறது, கரை இறங்குகிற ஆளின் காலிலும் முள்ளாகக் குத்துகிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

விவசாயிகளிடம் பேச இன்னொரு காரணம் உண்டு. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது வேடந்தாங்கல் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி வெள்ளைக்காரர் காலத்திலேயே கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கிய ஊர் அது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. ஊர் கூடி முடிவெடுத்தால் நரம்பை எடுத்துப்போவது அதைவிடச் சின்ன வேலை.

தொட்டியை யார், எப்போது காலி செய்வது என்பதைத் தொட்டி வைப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். வழியும் தொட்டி இல்லாத தொட்டியைவிட மோசம்.

சிக்கிய பறவையைப் பார்த்தால்

முதலில் நில்லுங்கள். ஓடிப் போகாதீர்கள். பயந்து எழும் பறவை நரம்போடு மரத்துக்குப் போய்விட்டால் மீட்பு பல மடங்கு கடினமாகும்.

தூரத்திலிருந்தே பாருங்கள். பறக்கிறதா, நரம்பு எங்கே சுற்றியிருக்கிறது, முனை தொங்குகிறதா, எதிலாவது கட்டுண்டிருக்கிறதா? போட்டோவோ வீடியோவோ எடுத்து, இடத்தைப் போனிலேயே குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இன்றே தேடிச் சேமித்து வையுங்கள், கரையில் நின்று தேடும் நேரம் அது அல்ல. மரத்தில் தொங்கினால் தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள், ஏணியும் பயிற்சியும் அவர்களிடம் இருக்கிறது.

நன்றாகப் பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிக்க முயலாதீர்கள். எங்கே மேய்கிறது, எந்த மரத்தில் அடைகிறது என்று குறித்துக் கொடுத்தாலே மீட்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

உங்கள் தூண்டிலிலேயே பறவை மாட்டினால் மட்டும் வேறு கதை. பதற்றத்தில் நரம்பை அறுத்துவிடாதீர்கள். அறுத்தால் முள்ளோடும் நீள நரம்போடும் அது போய்விடும், பிறகு யாராலும் பிடிக்க முடியாது. மெதுவாக, இழுத்து நிறுத்தாமல் சுற்றிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

கையில் பிடிக்கவேண்டி வந்தால்

கரையிலேயே துவண்டு கிடக்கிறது, ஆள் வர நேரமாகும், நாய்கள் சுற்றுகின்றன என்றால் நீங்கள்தான் பிடிக்கவேண்டும். பெரிய துண்டையோ போர்வையையோ எடுத்து, பின்பக்கமாகச் சென்று தலையோடு சேர்த்து மூடுங்கள். இருட்டானதும் பெரும்பாலான பறவைகள் அடங்கிவிடும்.

கொக்கு, நாரை, பாம்புத்தாரா இவற்றைப் பிடிக்கும்போது உங்கள் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். மீனைக் குத்தும் வேகத்தில் முகத்தைக் குத்தும். கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலில் தலைக்குப் பின்னால் கழுத்தைப் பிடியுங்கள், பிறகு சிறகை உடம்போடு அணையுங்கள். அலகைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் அலகைக் கட்டவே கூடாது. அவற்றின் மூக்குத் துளைகள் அடைபட்டவை, வாயால்தான் மூச்சு விடுகின்றன. கூழைக்கடாவின் அலகைப் பிடிக்கும்போது நடுவில் ஒரு விரலை வைத்துச் சற்றுத் திறந்திருக்கும்படி பிடியுங்கள். இது தெரியாமல் இரப்பர் பேண்டு போட்டால், காப்பாற்ற வந்தவர் கையிலேயே மூச்சு முட்டிச் சாகும்.

நெஞ்சை அழுத்திப் பிடிக்காதீர்கள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று போகும்.

இப்போது நரம்பு. தொங்கும் நீளத்தை மட்டும் வெட்டுங்கள், எதிலும் மாட்டாமல் இருப்பதற்காக. சதைக்குள் இறங்கிய சுற்றை நீங்கள் அவிழ்க்கவேண்டாம். வீங்கிய காலில் நரம்பு கண்ணுக்கே தெரியாது, சதை இரண்டு பக்கமும் புடைத்து நடுவில் ஒரு பள்ளக் கோடு மட்டும் இருக்கும். ஈரப் பஞ்சால் சேற்றைத் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் இரண்டு மூன்று சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது தெரியும். ஒரு சுற்றை வெட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று பறக்கவிட்டால், மிச்சச் சுற்று தன் வேலையைச் செய்யும்.

வாயிலிருந்து நரம்பு வருகிறது என்றால் முள் உள்ளே இருக்கிறது. இழுத்தால் உணவுக்குழாய் கிழியும். வாயோரம் ஒட்ட வெட்டினால் மிச்சம் உள்ளே போய்விடும், மருத்துவருக்குப் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. ஒரு முழத்துக்குக் குறையாமல் விட்டு வெட்டுங்கள், அந்த முனை உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறகுத் தோலிலோ காலிலோ குத்திய முள்ளை, எதிர்க்கூர் வெளியே வரும்படி முன்னோக்கித் தள்ளி, அதை வெட்டிவிட்டுத்தான் பின்னால் எடுப்பார்கள். கண், மூட்டு, தொண்டை அருகே இருந்தால் அதையும் மருத்துவருக்கே விட்டுவிடுங்கள்.

காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து வையுங்கள். கம்பிக்கூண்டு வேண்டாம், சிறகு உடையும். நாரை நிற்கும் அளவுக்குப் பெட்டி உயரமாக இருக்கட்டும், நீண்ட கால்களை மடக்கி மணிக்கணக்கில் வைத்தால் தசை கெட்டுவிடும். தண்ணீர் புகட்டாதீர்கள், மீன் ஊட்டாதீர்கள். வாயில் ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிழலும் அமைதியும்தான் அதற்கு மருந்து. மூடிய காரில் வெயிலில் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம்.

கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு

காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்க்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அனுமதிக்காது. கையில் எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்கவேண்டும். முதலிலேயே வனத்துறைக்குச் சொல்லிவிட்டால் இதில் குழப்பமே இல்லை. அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் அவர்கள் வனத்துறைக்குச் சொல்லச் சொல்வார்கள்.

நரம்பு எடுத்ததும் பறவை துள்ளி நிற்கும், உடனே விட்டுவிடலாம் என்று தோன்றும். கட்டிய இடத்தில் இரத்தம் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் சதை எவ்வளவு செத்திருக்கிறது என்று தெரியும். சில நாள் கழித்துத்தான் கால் கருக்கும். அதனால் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவர் பார்க்காமல் விடாதீர்கள்.

ஒப்படைக்கும்போது பறவை கிடைத்த இடம், நேரம், முள்ளின் அளவு, நரம்பின் தடிமன் இவற்றை எழுதிக்கொடுங்கள். மறுநாளே தொரட்டியோடு அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். பறவையின் காலில் வந்தது பெரும்பாலும் ஒரு பெரிய சிக்கலிலிருந்து அறுந்த துண்டுதான். மீதி அங்கேயே, அதே கல்லிலோ அதே கிளையிலோ இருக்கும்.